ஆடும் கண்ணாடியும் பொய்க் கோடுகளும்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது நினைவிருக்கிறதா? திருவொற்றியூர், ராயபுரம் பக்கமெல்லாம் கரையில் கறுப்புச் சேறு. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். இப்படி ஒதுங்கும் எண்ணெய் எந்த வகை என்று பார்க்க உதவும் கருவிகளில் ஒன்று எஃப்.டி.ஐ.ஆர்., அதாவது ஃபூரியர் உருமாற்ற அகச்சிவப்பு நிறமாலைமானி. அது காட்டும் கோடுகளை நம்பலாமா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது.

முதலில் கருவி. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நிலையான கண்ணாடிக்கும் மற்றொன்றை நகரும் கண்ணாடிக்கும் அனுப்பித் திரும்பச் சேர்ப்பார்கள். கண்ணாடி நகர நகர வெளிச்சம் கூடும், குறையும். அதைச் சம இடைவெளியில் அளந்து கணக்குப் போட்டால் நிறமாலை வரும்.

சிக்கல் அந்தச் 'சம இடைவெளி'யில்தான்! கண்ணாடி கொஞ்சம் ஆடினாலும் தப்பான இடத்தில் அளந்துவிடுவோம். ஆட்டம் தாறுமாறாக இருந்தால் நிறமாலை முழுக்க இரைச்சல். ஒரே தாளத்தில் ஆடினால் இன்னும் மோசம்: உண்மையான கோட்டின் இருபுறமும் பொய்க் கோடுகள் முளைக்கும்.

மைக்கல்சன் 1890களிலேயே இந்த முறையைத் தொட்டுவிட்டார். 1898இல் ஸ்ட்ராட்டனுடன் சேர்ந்து 80 அலைகளைக் கூட்டும் இயந்திரமே செய்தார். ஆனால் கண்ணாடியின் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல ஆள் வேண்டுமே? 1960களில் பிரான்சின் பியர் கோன், ழானின் கோன் தம்பதி, கண்ணாடியை ஒவ்வொரு புள்ளியிலும் நிறுத்தி நிறுத்தி அளந்தார்கள். பிறகு ஹீலியம்-நியான் லேசர் வந்தது. அதன் சிவப்பு ஒளியையும் அதே கண்ணாடிகளில் விட்டால், ஒளிப்பாதை 632.8 நானோமீட்டர் மாறும் ஒவ்வொரு முறையும் ஓர் அலை எழும். அதுவே அளவுகோல்!

அப்படியும் ஒரு குறை. லேசர் சைகையும் அகச்சிவப்பு சைகையும் மின்சுற்றில் ஒரே நேரம் தாமதிப்பதில்லை. கண்ணாடியின் வேகம் மாறினால் அந்தத் தாமதம் இடப்பிழையாகிவிடும். 1996இல் அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் பிரால்ட் இதைத் தலைகீழாக யோசித்தார். சம இடைவெளியை விட்டுவிட்டுச் சம நேரத்தில் அள, லேசர் அலைகள் வந்த நேரத்தையும் குறித்துக்கொள், சரியான இடத்துக்குரிய மதிப்பைப் பிறகு கணினியில் கண்டுபிடி என்றார். கண்ணாடி ஆடட்டும், எவ்வளவு ஆடியது என்று தெரிந்தால் போதும்!

இது வெறும் ஆய்வகச் சமாச்சாரம் இல்லை. எந்த எண்ணெயானாலும் அலையெண் 2900 பக்கத்தில் பெரிய பட்டை வரும். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது சின்னச் சின்னப் பட்டைகள்தான். இரைச்சல் முதலில் விழுங்குவதும் அவற்றைத்தான். அவை போனால், நம் கரையைக் கறுப்பாக்கியது யார் என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஒரு சாட்சியும் போய்விடும்.