சாவிக்கொத்தும் குறிப்பேடும்

மனநல மருத்துவமனையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் ஒரு நோயாளியின் அருகே சில நிமிடங்கள் நிற்பார். மீதிப் பொழுதெல்லாம் அந்த நோயாளி செவிலியரின் கண்பார்வையில்தான் இருக்கிறார். தட்டில் வைத்த சோற்றை உண்டாரா, பிசைந்துவிட்டு எழுந்துவிட்டாரா. மாத்திரையை விழுங்கினாரா, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டாரா. நள்ளிரவில் ஆளில்லாத மூலையைப் பார்த்து யாருக்குப் பதில் சொன்னார். நேற்றுவரை அழுதவர் இன்று காலை தெளிந்த முகத்தோடு தன் பொருட்களைப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கொடுப்பது ஏன்? இவற்றைப் பார்த்து, பொருள் விளங்கிக்கொண்டு, எழுதி வைக்கும் வேலைக்குத்தான் மனநலச் செவிலியத்தில் மதிப்பீடு என்று பெயர். இன்று நர்சிங் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் இந்த வேலைக்குப் பின்னால், ஒரு நோயாளியைப் பற்றி எழுத யாருக்கு உரிமை உண்டு என்ற நெடுங்கால இழுபறி இருக்கிறது.

சென்னையில் இந்தக் கதை 1794-இல் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கொனோலி அந்த ஆண்டில் 16 பேருக்கான காப்பகம் ஒன்றை ஏற்படுத்தினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுக் காப்பகம் 145 பேரோடு திறக்கப்பட்டது. 1922-இல் அது அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாறியது. ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகும் அளவுக்குத் தமிழர் நாவில் புழங்கிய இடம் அது. ஆனால் அந்தச் சுவருக்குள் வந்துசேர்ந்தவரைப் பற்றிய முதல் குறிப்பு பெரும்பாலும் காவல் நிலையத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. மனநிலை பிறழ்ந்து தெருவில் திரிபவரைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தலாம் என்று 1858-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மருத்துவச் சான்றோடு மாஜிஸ்ட்ரேட் உத்தரவிட்டால் ஆள் காப்பகத்துக்கு அனுப்பப்படுவார். கூடவே ஒரு விவரப் படிவமும் போகும். அதில் நோய்க்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது.

முன்பின் அறியாத ஒருவரைப் பிடித்து வந்த போலீஸ்காரர் அந்தக் கட்டத்தில் என்னதான் எழுதுவார்? பல இடங்களில் அதில் ‘கஞ்சா’ என்று எழுதப்பட்டது. அந்தப் படிவங்களைக் கூட்டி ஆண்டறிக்கை தயாரானது. ஆண்டறிக்கையைக் காட்டி, கஞ்சாவால் நாடெங்கும் பைத்தியம் பெருகுகிறது என்ற வாதம் எழுந்தது. 1893-94-இல் இதை ஆராய்ந்த இந்திய கஞ்சா விசாரணைக் குழு, காப்பகப் பதிவேடுகளை நோயாளிவாரியாகத் திரும்ப விசாரித்தது. வீட்டாரையும் ஊராரையும் கேட்டபோது, காரணக் கட்டத்தில் இருந்தவற்றில் பல எந்த விசாரணையும் இல்லாமல் எழுதப்பட்டவை என்று தெரிந்தது. அந்தப் புள்ளிவிவரங்களை நம்ப முடியாது என்று குழு வெளிப்படையாகவே அறிவித்தது. அருகிருந்து பார்க்காதவர் எழுதிய ஒரு சொல் ஒரு நாட்டின் கொள்கைவரை போய்த் தொட்டதற்கு இதைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது.

அருகிருந்து பார்த்தவர்கள் யார்? வார்டர்கள், காவலாட்கள், அட்டெண்டர்கள். நோயாளிகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்தும், நோயாளியைப் பற்றி எழுதும் வேலை அவர்களுக்கு இல்லை. இங்கிலாந்தில் 1845-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவக் குறிப்பேடு கட்டாயம் என்றது; அதை எழுதியவர் மருத்துவர். அட்டெண்டரின் கையில் இருந்தது சாவிக்கொத்து. அவருடைய கணக்கெல்லாம் தலை எண்ணுவது, கத்தி கரண்டி எண்ணுவது, கதவு பூட்டுவது என்பதோடு முடிந்தது.

அவரையும் கண்காணிக்க ஒரு பொறி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் காப்பகங்களில் இரவுச் சுற்றுக்கென்று தனிக் கடிகாரங்களைச் சுவரில் பொருத்தினார்கள். இரவுக் காவலர் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அதன் முளையை அழுத்தியாக வேண்டும். காலையில் மேலாளர் கடிகாரத்தைத் திறந்து பார்ப்பார். அழுத்தாத முளை, அவர் தூங்கிப்போன நேரத்தைக் காட்டிக்கொடுக்கும். வலிப்பு நோயாளிகள் குப்புறப் படுத்து மூச்சுத்திணறி இறப்பதையும், தற்கொலை முயற்சிகளையும் தடுக்கவே இந்த ஏற்பாடு. அந்த வகையில் அது உயிர் காத்தது. ஆனால் காவலர் அங்கே போனாரா என்பதை மட்டுமே கடிகாரம் சொல்லும். போனவர் என்ன கண்டார் என்பதைக் கேட்க அந்த நிர்வாகத்தில் ஆளில்லை.

அதைக் கேட்கத் தொடங்கிய ஆண்டு 1885. ஸ்காட்லாந்து மருத்துவர்கள் நால்வர் சேர்ந்து, அட்டெண்டர்களுக்கென்றே ஒரு சிறு கையேட்டை எழுதினார்கள். மெடிக்கோ சைக்கலாஜிக்கல் அசோசியேஷன் என்ற மருத்துவர் சங்கத்தின் ஆதரவில் வந்த அந்த நூலுக்குச் சிவப்பு அட்டை. அதனாலேயே ‘சிவப்புக் கையேடு’ என்று பெயர் பெற்றது. உடற்கூறு, முதலுதவி ஆகியவற்றோடு, நோயாளியின் பேச்சிலும் நடத்தையிலும் எதைக் கவனிக்க வேண்டும், எதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதும் பாடமானது. 1891 முதல் தேர்வு வைத்துச் சான்றிதழும் தந்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மக்லீன் காப்பகம் 1882-இலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. இரண்டு இடத்திலும் வரம்பு ஒன்றுதான்: செவிலியர் பார்த்துச் சொல்லலாம்; பொருள் சொல்வது மருத்துவரின் வேலை.

இந்த வரம்பைத் தாண்டியவர் ஹில்டகார்ட் பெப்லாவ். 1909-இல் பென்சில்வேனியாவில் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் மனம் உடைந்த படைவீரர்களைப் பராமரித்தார். செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் கருவி என்பதை விளக்கி அவர் எழுதிய நூல் 1952-இல் வந்தது. மருத்துவர் ஒருவரின் பெயரும் சேராமல் ஒரு நர்ஸ் இப்படி நூல் எழுதுவது அந்தக் காலத்தில் துணிச்சலாகவே பார்க்கப்பட்டது.

பெப்லாவின் வகுப்பில் மாணவிகள் நோயாளியோடு பேசியதை வரிக்கு வரி எழுதி வர வேண்டும். நோயாளி சொன்னதை மட்டும் எழுதினால் போதாது; தான் என்ன கேட்டோம், எங்கே பேச்சை மாற்றினோம், எப்போது பயந்தோம் என்பதையும் எழுத வேண்டும். மதிப்பிடுகிறவரும் மதிப்பீட்டுக்குள் வந்தது இங்கேதான். பதற்றத்தை அவர் லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி என்று நான்கு படிகளாகப் பிரித்தார். லேசான பதற்றத்தில் இருப்பவர் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளவும் கூடும். பீதியில் இருப்பவரிடம் நீண்ட கேள்வி கேட்டால் ஒன்றும் காதில் ஏறாது. சின்னச் சின்ன வாக்கியம், தணிந்த குரல், அருகில் ஓர் ஆள், அவ்வளவுதான் அப்போதைக்கு மருந்து. எந்தப் படியில் இருக்கிறார் என்று கண்டறிவதும் அதற்கேற்ப நடந்துகொள்வதும் செவிலியரின் பொறுப்பு. இன்றும் நர்சிங் பாடப்புத்தகங்களில் அந்த நான்கு படிகள் இருக்கின்றன.

அதே 1952-இல் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்து மனநோய்க்குக் கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் உலகெங்கும் வார்டுகளின் கூச்சல் தணிந்தது. கூடவே புதுக் கேள்விகள் வந்தன. நோயாளி அமைதியாக இருப்பது குணமானதாலா, மருந்தின் மயக்கத்தாலா? கை நடுங்குவதும், ஓரிடத்தில் நிற்க முடியாமல் அலைவதும் நோயா, மருந்தின் பக்கவிளைவா? நாள் முழுக்க உடனிருப்பவரால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். அந்தத் தேவையிலிருந்தே அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஆய்வாளர்கள் ஹானிக்ஃபெல்டும் கிளெட்டும் 1965-இல் ‘நோசி’ என்ற செவிலியர் அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். பின்னர் சுருக்கப்பட்ட வடிவில் அதில் 30 கூற்றுகள். உடையைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறாரா, தானாகப் பேச்சைத் தொடங்குகிறாரா, தனக்குத்தானே முணுமுணுக்கிறாரா, தன்னை எதற்கும் உதவாதவர் என்கிறாரா? கடந்த மூன்று நாளில் பார்த்ததை வைத்து, ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் என்பதுவரை மதிப்பெண் இட வேண்டும். அட்டெண்டரின் வாய்மொழியாகக் காற்றோடு போன விவரம், ஆராய்ச்சிக்கு உரிய எண்ணாக மாறியது இப்படித்தான்.

இந்தியாவில் இந்தப் பயணம் மெதுவாக நடந்தது. சென்னை மாகாண அரசு 1943-இல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் ஆண் செவிலிய மாணவர்களுக்கு மூன்று மாத மனநலப் பயிற்சியைத் தொடங்கியது. அவர்களுக்குப் பிரசவப் பயிற்சி கிடையாது. அந்த இடத்தில் இது வைக்கப்பட்டது. 1946-இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை வந்தபோது, நாடு முழுவதற்கும் இருந்தவை 19 மனநல மருத்துவமனைகள், சுமார் 10,000 படுக்கைகள். பெங்களூரில் 1954-இல் அமைந்த அகில இந்திய மனநல நிறுவனம், இன்றைய நிம்ஹான்ஸ், 1956-இல் மனநலச் செவிலியத்தில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் முறையைக் கைக்கொண்டது. அங்கே ஒரு தாயோ மனைவியோ சொல்லும் சேதி, செவிலியரின் குறிப்புக்கு இன்னொரு கண் ஆனது. கீழ்ப்பாக்கத்திலும், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் சாரதா மேனன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், அடைத்து வைக்கும் இடம் என்ற நிலை மாறி மறுவாழ்வு பற்றிய பேச்சு வலுத்தது.

ஆனாலும் நூற்றாண்டு முடியும்போது நிலைமை வருத்தம் தருவதாகவே இருந்தது. தேசிய மனித உரிமை ஆணையத்துக்காக நிம்ஹான்ஸ் 37 மனநல மருத்துவமனைகளை ஆய்வு செய்து தந்த அறிக்கை 1999-இல் வெளியானது. 38 சதவீத மருத்துவமனைகள் இன்னும் சிறைச்சாலைக் கட்டமைப்பிலேயே இருந்தன. பயிற்சி பெற்ற மனநலச் செவிலியர் இருந்தவை கால்வாசிக்கும் குறைவு. பாதிக்கும் மேற்பட்ட இடங்களில் கேஸ் ஷீட் ஒழுங்காக எழுதப்படவில்லை. இந்த இரண்டு குறைகளையும் பிரித்துப் பார்க்க முடியாது. எழுதத் தெரிந்த ஆள் இல்லாத வார்டில் ஏடு எப்படி நிறையும்?

மதிப்பீடே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று கண்டது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். யார் வன்முறை செய்யக்கூடியவர், யார் வெறுமனே சோர்ந்து கிடப்பவர், யார் எப்போதோ தேறியவர் என்று எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சங்கிலி.

பார்த்து எழுத ஆள் கிடைத்தாலும், எந்த மொழியில் கேட்பது என்ற சிக்கல் இருக்கிறது. நினைவாற்றலைச் சோதிக்க 1975-இல் அமெரிக்காவில் உருவான 30 மதிப்பெண் தேர்வில், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். பள்ளி வாசலை மிதிக்காத பாட்டி அதில் தோற்றால், அது மறதிநோயா, எழுத்தறிவின்மையா? ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்த குழு, எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கு ஏற்ப அதை இந்தியில் புதிதாக அமைத்து 1995-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டு ஓ.பி.யிலும் இதே பாடம் நாள்தோறும் நடக்கிறது. “மனச்சோர்வு இருக்கா?” என்று கேட்டால் “அதெல்லாம் இல்லீங்க சிஸ்டர்” என்பார் ஓர் அம்மா. “ராத்திரி தூக்கம் எப்படிம்மா, சோறு இறங்குதா?” என்று கேட்டால் “நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை பாரமா இருக்கு, ஒரு வேலையும் ஓடமாட்டேங்குது” என்று கொட்டுவார். உடம்பின் வழியாக மனம் பேசுவதைக் கேட்கத் தெரிந்த செவிலியருக்கு அந்த மூன்று வார்த்தைகளே போதுமான தொடக்கம்.

தற்கொலை பற்றிக் கேட்பது இதைவிடக் கடினமாக இருந்தது. தற்கொலை முயற்சி குற்றம் என்ற இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, வீட்டாரின் வாயைக் கட்டியது. “எலி மருந்தைத் தெரியாம சாப்பிட்டுட்டா” என்று சொல்லிக் கேஸ் ஷீட்டையும் அப்படியே எழுதவைத்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று கூறி அந்த முடிச்சைத் தளர்த்தியது. “வாழவே வேண்டாம்னு தோணுச்சா? எப்படிச் செய்யறதுன்னு யோசிச்சீங்களா?” என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. கேட்காமல் விடுவதுதான் ஆபத்து.

அதே சட்டம் மனநலச் செவிலியர் யார் என்பதற்கு வரையறை தந்தது. சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடை செய்தது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் நோயாளியைக் கட்டுப்படுத்தலாம். ஏன், எப்படி, எவ்வளவு நேரம் என்பது மருத்துவக் குறிப்பில் பதிவாக வேண்டும். ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டக் கூடாது. இவற்றோடு இன்னோர் உரிமையும் வந்தது: தன்னைப் பற்றிய மருத்துவப் பதிவுகளைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு. நைட் டியூட்டி முடிந்து காலையில் பொறுப்பை ஒப்படைக்கும் செவிலியர் ‘முரண்டு பிடிக்கிறார்’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால், நாளை அந்த நோயாளியே அதைப் படித்து, எதைப் பார்த்து இப்படி எழுதினீர்கள் என்று கேட்கலாம். ‘காலை மாத்திரையை மறுத்தார், வாய் உலர்ந்து போகிறது, கை நடுங்குகிறது என்றார்’ என்று எழுதியவருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும், டாக்டருக்கும் மருந்தின் அளவை மாற்ற வழி பிறக்கும்.