மருத்துவ இயற்பியலாளர் தகுதிச் சான்றுத் தேர்வுகளின் வரலாறு

மருத்துவமனைகளில் பயன்படும் கதிர்வீச்சின் அளவைக் கணித்து, அளந்து, சரிபார்க்கும் அறிவியலாளர் மருத்துவ இயற்பியலாளர் எனப்படுகிறார். புற்றுநோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு தேவை என்பதை மருத்துவர் தீர்மானிக்கிறார். அந்த அளவு குறித்த இடத்தில் குறித்தபடி சென்று சேர்கிறதா என்பதற்கு மருத்துவ இயற்பியலாளர் பொறுப்பேற்கிறார். நோயாளிகளில் பலர் இவரைச் சந்திப்பதே இல்லை. ஆகவே இவருடைய தகுதியை நோயாளியின் சார்பில் வேறொருவர் சோதித்தாக வேண்டும். தகுதிச் சான்றுத் தேர்வுகள் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவை.

தொடக்க காலம்

1895 இல் ரோண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளுக்குள் இக்கதிர்களும் ரேடியமும் சிகிச்சைக்குப் பயன்படத் தொடங்கின. அளவிடும் முறைகள் அப்போது வளர்ந்திருக்கவில்லை. தோல் சிவப்பதை வைத்தே கதிர்வீச்சின் அளவை மதிப்பிட்டனர். துல்லியமான அளவீடு தேவைப்பட்டபோது இயற்பியலாளர்கள் மருத்துவமனைக்குள் வந்தனர். மேரி கியூரியின் ஆய்வகத்தில் பயின்ற ராமையா நாயுடு, மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் பணியாற்றினார். இந்திய மருத்துவ இயற்பியலின் முன்னோடியாக இவர் மதிக்கப்படுகிறார்.

வேலூரின் பங்கு

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே, பாலாற்றங்கரையில் அமைந்த நகரம் வேலூர். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900 இல் இங்கு ஒரே ஒரு படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதுவே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அவருடைய சகோதரரின் மகளான ஐடா பி. ஸ்கடர் இங்குக் கதிரியல் துறையை வளர்த்தவர். இம்மருத்துவமனையின் புற்றுநோய் மையம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. தோல் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் முதல் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வருவோர் வரை பலரும் இங்குச் சிகிச்சை பெறுகின்றனர். சிகிச்சை அளிப்பதோடு மருத்துவ இயற்பியலாளர்களைப் பயிற்றுவிக்கும் இடமாகவும் இக்கல்லூரி விளங்குகிறது. இங்கு மருத்துவ இயற்பியலில் முதுநிலைப் படிப்பு நடத்தப்படுகிறது.

கோபால்ட்டும் பயிற்சியும்

1950களில் கோபால்ட்-60 சிகிச்சைக் கருவிகள் இந்தியாவுக்கு வரத் தொடங்கின. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் இக்கருவியைப் பெற்ற முதல் நிலையங்களுள் ஒன்று. கோபால்ட்-60 இன் அரை வாழ்நாள் சுமார் 5.27 ஆண்டுகள். அதாவது கருவியின் கதிர்வீச்சு மாதந்தோறும் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். அதற்கேற்பச் சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டனர். பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற டிராம்பே நிறுவனம், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் 1962 இல் கதிரியல் இயற்பியல் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு இது. பின்னர் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலும் மருத்துவ இயற்பியல் படிப்புகள் உருவாயின.

பட்டம் மட்டும் போதுமா?

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள கொலம்பஸ் நகர மருத்துவமனை ஒன்றில் 1974 முதல் 1976 வரை நடந்தது இக்கேள்வியை உலகின் முன் வைத்தது. கோபால்ட்டின் சிதைவு போகப்போக மெதுவாகும். அங்கிருந்த இயற்பியலாளர் அதை வரைபடத்தாளில் நேர்கோடாக நீட்டினார். இதனால் கதிர்வீச்சு உண்மையைவிட வேகமாகக் குறைவதாகக் கணக்கு காட்டியது. சிகிச்சை நேரம் தேவைக்கு மேல் நீண்டது. 22 மாதங்கள் யாரும் கருவியை நேரடியாக அளந்து பார்க்கவில்லை. 426 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பெற்றனர்.

பிழையின் வேர் எளிய கணக்கு. அது நீடித்ததற்குக் காரணம், இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்காதது. பட்டம் ஒருவர் படித்ததைக் காட்டும். தனித்துப் பொறுப்பேற்று அளக்கவும், தன் அளவீட்டையே சந்தேகித்து மீண்டும் அளக்கவும் அவரால் முடியுமா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டியுள்ளது.

அமெரிக்கக் கதிரியல் வாரியம் 1947 முதலே இயற்பியலாளர்களுக்குச் சான்று வழங்கி வருகிறது. எழுத்துத் தேர்வுகளுக்குப் பின் வாய்மொழித் தேர்வு நடத்துவது அதன் முறை. நூலில் விடை இல்லாத சூழலில் தேர்வர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதை வாய்மொழித் தேர்வு காட்டிவிடுகிறது. 2014 முதல், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைப் பயிற்சியும் அங்குக் கட்டாயமாயிற்று.

இந்தியாவில் இருவகைத் தேர்வுகள்

இந்தியாவில் 1983 இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சை நிலையம் இயங்க, தகுதியுள்ள மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. மருத்துவ இயற்பியலாளருக்கு உரிய பட்டமும், சிகிச்சைத் துறையில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சியும் வேண்டும். பாதுகாப்பு அதிகாரி ஆக, பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் தேர்வில் வென்று, வாரியத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். பல மருத்துவமனைகளில் ஒருவரே இரண்டு பொறுப்புகளையும் வகிக்கிறார்.

இந்த அரசுத் தேர்வு முதன்மையாகப் பாதுகாப்பைப் பற்றியது. சுவர்த் தடிமன், பணியாளர் பெறும் கதிர்வீச்சு, மூலங்களைக் கையாளுதல், விபத்துக் கால நடவடிக்கை, விதிகள் ஆகியவை இதில் அடங்கும். சிகிச்சைத் திட்டமிடலிலும் அளவீட்டிலும் உள்ள தேர்ச்சியை முழுமையாகச் சோதிப்பது இதன் நோக்கமன்று.

அந்த இடைவெளியை நிரப்பத் தொழிலினரே முன்வந்தனர். 1976 இல் உருவான இந்திய மருத்துவ இயற்பியலாளர் சங்கம், இந்திய மருத்துவ இயற்பியல் கல்லூரி என்னும் அமைப்பை நிறுவியது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இது வகுப்பு நடத்தும் நிறுவனம் அன்று. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் நடத்திச் சான்று வழங்கும் அமைப்பு. 2010 இல் பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து பன்னாட்டு மருத்துவ இயற்பியல் சான்று வாரியத்தை உருவாக்கின. நாடுகளின் சான்று முறைகள் ஒரே தரத்தில் அமைய உதவுவது இதன் பணி.

இன்றைய நிலை

அரசின் பாதுகாப்புத் தேர்வு விதியால் கட்டாயம். தொழிலினரின் சான்றுத் தேர்வு விருப்பத்தைச் சார்ந்தது. அதை எழுதாத ஒருவரும் உரிய பட்டத்தோடும் பயிற்சியோடும் பணியில் சேரலாம். இதற்கிடையே கருவிகள் மாறிவிட்டன. கோபால்ட்டின் இடத்தை நேரியல் முடுக்கிகள் பெருமளவு பிடித்துள்ளன. கணினி வகுக்கும் திட்டத்தில் உள்ள தவறு கண்ணுக்குப் புலப்படாது. நோயாளி பெறும் அளவு, குறித்த அளவிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட எல்லை.

2021 இல் நிறைவேறிய தேசிய மருத்துவம் சார் தொழில்களுக்கான ஆணையச் சட்டம், மருத்துவ இயற்பியலாளரையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. கல்வித் தரத்தை வகுக்கவும் தொழிலினரைப் பதிவு செய்யவும் அச்சட்டம் வகைசெய்கிறது. சான்றுத் தேர்வு இப்பதிவோடு இணைந்தால், வேலூரில் சிகிச்சை பெறுபவருக்கும் சிறு நகரம் ஒன்றில் ஒரே இயற்பியலாளரை நம்பியிருப்பவருக்கும் ஒரே தர உறுதி கிடைக்கும்.