குடவாசலுக்கு வந்து சேராத யுத்தம்

சென்ற தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மா ஒரு கறுப்பு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அக்காவின் கல்யாணக் கேசட். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று இல்லாத தாத்தாவும் பெரியம்மாவும் அதற்குள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கத்தான் வழியில்லை. குடவாசலில் விசாரித்தேன், கும்பகோணத்தில் விசாரித்தேன். ஓடும் நிலையில் ஒரு ‘டெக்’ எங்கும் அகப்படவில்லை. ஒரு பழைய கடைக்காரர் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பூஞ்சை பிடிச்சிருக்கு சார், ஓட்டினா அறுந்துடும்” என்றார்.

படம் பதியும் ஊடகங்களுக்குள் நடந்த போர்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அவற்றுள் அதிகம் பேசப்பட்டது ஹெச்.டி. டிவிடிக்கும் புளூ-ரேவுக்கும் இடையே நடந்தது. இரண்டுமே ஏறத்தாழ 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஊதா லேசரால் படிக்கப்படுபவை. டிவிடியின் சிவப்பு லேசர் 650 நானோமீட்டர். எழுத்தாணி கூர்மையானால் ஓலையில் அதிக வரிகள் எழுதலாம் அல்லவா? அதே கணக்குதான். டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட் கொள்ளும், ஹெச்.டி. டிவிடியில் 15, புளூ-ரேயில் 25. தோஷிபா முன்னிறுத்திய ஹெச்.டி. டிவிடி, பழைய டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் தகவலைப் பதித்தது. ஆகவே ஏற்கெனவே இருந்த டிவிடி ஆலைகளைச் சிறிது மாற்றியமைத்தே அதைத் தயாரிக்க முடிந்தது. சோனியும் அதன் கூட்டாளிகளும் முன்வைத்த புளூ-ரே 0.1 மில்லிமீட்டர் ஆழத்தையே எடுத்துக்கொண்டது. கொள்ளளவு கூடியது, ஆலைகளுக்கான செலவும் கூடியது.

2006ஆம் ஆண்டின் வசந்தத்தில் ஹெச்.டி. டிவிடி கருவிகள் கடைக்கு வந்தன. ஜூன் மாதம் புளூ-ரே வந்தது. அமெரிக்காவில் முன்னதன் விலை 499 டாலர், பின்னதன் விலை 999 டாலர். விலை மட்டுமே தீர்ப்பு எழுதுமானால் தோஷிபா வென்றிருக்க வேண்டும். ஆனால் அந்த நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள்ளேயே ஒரு புளூ-ரே இயக்கியும் இருந்தது. விளையாட்டுக்காக அதை வாங்கியவர்கள் தம்மையறியாமல் ஒரு தரப்பின் படைவீரர்களானார்கள். 2007 நவம்பரில் தோஷிபா தன் கருவியொன்றை 100 டாலருக்கும் குறைவாக விற்றுப் பார்த்தது, பயனில்லை. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் நிறுவனம் இனி புளூ-ரே மட்டுமே என்றது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா தோல்வியை ஒப்புக்கொண்டது.

அந்த நாளில் குடவாசலில் யாரும் எதையும் இழக்கவில்லை. ஏனெனில் அந்தப் போர் இங்கு வந்து சேரவேயில்லை. காவிரிக் கழிமுகத்தின் போர்கள் வேறு.

முதலாவது டெக் காலத்துப் போர். 1975இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வந்தது. அடுத்த ஆண்டு ஜேவிசியின் விஹெச்எஸ். தொடக்க கால பீட்டா நாடா ஒரு மணி நேரமே ஓடும். விஹெச்எஸ் இரண்டு மணி நேரம். பின்னால் பீட்டாவும் நீண்டது என்றாலும் முந்திக்கொண்டது விஹெச்எஸ்தான். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள் கொண்டுவந்த டெக்குகள் எண்பதுகளில் நம் கிராமங்களை எட்டியபோது, மூன்று மணி நேர விஹெச்எஸ் கேசட்டில் பாட்டும் சண்டையும் குறையாமல் ஒரு முழுத் தமிழ்ப்படம் அடங்கிற்று. அறுவடை முடிந்த களத்திலும் கல்யாண வீட்டுப் பந்தலிலும் டிவியும் டெக்கும் வாடகைக்கு வந்து இறங்கும்; விடிய விடிய மூன்று படங்கள். இது அரசையே கவலைகொள்ள வைத்தது. வீடியோ கேசட் மூலம் படம் திரையிடுவதை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 1984இல் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது போரில் மேலைநாட்டு வரலாறுகள் அடிக்குறிப்பாகக்கூடச் சொல்லாத ஒரு போட்டியாளர் இருந்தார்: வி.சி.டி. 1993இல் வரையறுக்கப்பட்ட இந்த வடிவம் அமெரிக்காவில் வேரூன்றவில்லை. படத்தின் துல்லியம் 352க்கு 288 புள்ளிகள் மட்டுமே. ஒரு தகட்டில் 74 நிமிடங்களே அடங்கும். நம் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் வேண்டும். நகலெடுப்பதைத் தடுக்க எந்தப் பூட்டும் கிடையாது. இந்தக் கடைசிக் குறையே அதன் பெரும்பலமாயிற்று. சீனக் கருவிகள் மலிவாக வந்து குவிந்தன. கீறல் விழுந்த தகட்டில் கதாநாயகன் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். தகட்டை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து மீண்டும் போடுவோம். திருட்டு வி.சி.டி. என்பது தமிழின் புதிய சொற்சேர்க்கைகளில் ஒன்றானது. 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே அது கொண்டுவரப்பட்டது.

உலகம் 1080 வரிகளுக்காகச் சண்டையிட்ட அதே 2006இல்தான், தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கத் தொடங்கியது. குடவாசலைச் சுற்றிய ஊர்களில் பல குடிசைகளுக்கு அதுவே முதல் தொலைக்காட்சி. அந்தச் சிறிய குழாய்த்திரையில் உயர்துல்லியப் படத்தைப் போட்டாலும் வேறுபாடு தெரியப்போவதில்லை. வி.சி.டி. அந்தத் திரைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

இந்த இரு உலகங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த இந்திய நிறுவனம் ஒன்று உண்டு: மோசர் பேயர். ஹெச்.டி. டிவிடி, புளூ-ரே ஆகிய இரு வகை வெற்றுத் தகடுகளையும் அது தயாரித்தது. அதே நிறுவனம் 2007இல் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் திரைப்பட உரிமைகளை வாங்கி வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் சந்தையில் இறக்கியது. திருட்டுத் தகட்டின் விலைக்கே அசல் கிடைத்தது. பேருந்து நிலையப் பெட்டிக்கடையில் கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள் தொங்கியதைப் பார்த்துத் திகைத்து நின்றது நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படங்களைச் ‘சேகரிக்க’ ஆரம்பித்தது அப்போதுதான். பின்னர் இணையம் வந்தது, தகடுகள் போயின. 2018இல் அந்த நிறுவனத்தைக் கலைத்துவிட உத்தரவாயிற்று.

வென்றவரும் நிலைக்கவில்லை. விஹெச்எஸ் டெக் தயாரித்த கடைசி நிறுவனமும் 2016இல் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்யத்தக்க புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025இல் சோனியே கைவிட்டது.

இதை வெறும் வணிகக் கதையாக நான் பார்க்கவில்லை. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. நம் மௌனப்படங்களின் கதி அதைவிட மோசம். படச்சுருளைக் காக்கத் தவறிய சமூகம் நாம். அதனால்தான் உயர்துல்லியத் தகட்டுப் போரை நாம் பார்க்காமல் போனது எனக்கு உறுத்துகிறது. அந்தத் தகடுகளுக்காக மேலைநாடுகளில் பல பழைய படங்களின் மூலச்சுருள்கள் தேடி எடுக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டன. வாங்க ஆள் இருந்ததால் அது நடந்தது. நம்மிடம் அந்தச் சந்தை உருவாகவில்லை. எண்ணற்ற தமிழ்ப்படங்கள் 288 வரி நகலாகவே நம் கைக்கு வந்தன. சில படங்களுக்கு மிஞ்சப்போவதே அந்த நகல்தானோ என்ற அச்சம் எனக்குண்டு.

குடவாசல் கோணேஸ்வரர் ஆலயம் ஒரு மாடக்கோயில். கல்லில் எழுதியதைப் படிக்கக் கருவி வேண்டாம், கண் போதும். நாடாவும் தகடும் அப்படியல்ல. படிக்கும் கருவி அழிந்தால் எழுத்து இருந்தும் இல்லாததே.

கேசட்டைச் சென்னைக்கு எடுத்து வந்திருக்கிறேன். பூஞ்சையைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருபவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பாதியாவது மீளும் என்றார் ஒருவர். எந்தப் பாதி என்று அம்மா தொலைபேசியில் கேட்டாள். முகூர்த்தம் போனாலும் பரவாயில்லையாம். பந்தியில் தாத்தா பரிமாறும் இடம் மட்டும் இருந்தால் போதுமாம்.