500 தேடுபொறிகளில் உங்கள் பட்டறை

ஓசூர் சிப்காட்டில் சிறு பட்டறை நடத்துகிறவர்களின் வாட்ஸ்அப்புக்கு இன்றும் ஒரு விளம்பரம் வருகிறது: உங்கள் இணையதளத்தை 500 தேடுபொறிகளில் தானாகவே பதிந்து தருகிறோம். மென்பொருள் வேலை பார்க்கிறவன் என்பதால் அதை எனக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு, "போட்டுடலாமா தம்பி? ஆர்டர் வருமா?" என்று கேட்கிறார்கள். வராது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த மாதிரிக் கருவிகள் ஆரம்பத்தில் ஏமாற்று வேலையாக இருக்கவில்லை. நிஜமான ஒரு தேவைக்காகப் பிறந்தவை அவை. எங்கே தடம் மாறின என்று தெரிந்தால்தான், இவற்றை வேண்டாம் என்று சொல்லும்போது பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல முடியும்.

ஓசூரின் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஊர் தேடுபொறியே தேவைப்படாமல் வளர்ந்த ஊர். 1971-ல் அரசு தொடங்கிய சிப்காட் நிறுவனம், அந்தப் பத்தாண்டிலேயே இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. பின்தங்கிய பகுதி என்பதால் சலுகைகள் கிடைத்தன. பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருந்தது. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அதே ஆண்டு அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்துவிட்டது. பெரிய ஆலைகளைச் சுற்றி லேத், மில்லிங், பிரஸ், ஹீட் ட்ரீட்மென்ட் என்று நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் முளைத்தன.

இந்தப் பட்டறைகளுக்கு விளம்பரப் பலகைகூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை. பெரிய ஆலையின் பர்ச்சேஸ் அதிகாரிக்குப் பெயர் தெரிந்தால் போதும். முதலாளி அங்கேயே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவராக இருந்தால் இன்னும் வசதி. பக்கத்தில் இருப்பதுதான் முகவரி, சொன்ன தேதியில் சரக்கு கொடுப்பதுதான் விளம்பரம். ஆர்டர் வந்துகொண்டிருந்தவரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை.

இதே காலத்தில் உலகின் வேறொரு மூலையில் நேரெதிரான சிக்கல் எழுந்தது. இணையத்தில் யாருக்கும் யாரும் பக்கத்தில் இல்லை. 1993 நவம்பரில் மார்டைன் கோஸ்டர் என்பவர் அலிவெப் என்ற தேடல் ஏற்பாட்டை அறிவித்தார். தளம் வைத்திருப்பவர் தன்னிடம் என்ன இருக்கிறது என்று ஒரு கோப்பில் எழுதி, அது இருக்கும் இடத்தை அலிவெப்பிடம் சொல்ல வேண்டும். அது வந்து எடுத்துக்கொள்ளும். அதாவது, பதிவு செய்வதுதான் தேடலின் அடித்தளம். அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் கையால் தொகுத்த பட்டியல் யாஹூ ஆனது. அங்கேயும் நீங்கள் படிவம் நிரப்பினால், ஒரு மனிதர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார்.

பட்டியல்கள் பெருகின. ஒவ்வொன்றிலும் அதே பெயர், அதே முகவரி, அதே இரண்டு வரி விளக்கத்தைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தை வி.எஸ்.என்.எல். திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. டயல்-அப்பில் மோடம் இரைந்துகொண்டிருக்க, நேரக் கணக்கில் காசு கரைய, ஒரு டஜன் படிவம் நிரப்புவதை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழக மாணவர் ஸ்காட் பானிஸ்டர் 'சப்மிட் இட்!' என்ற சேவையை உருவாக்கினார். ஒருமுறை நிரப்பினால் பல பட்டியல்களுக்கு அதுவே அனுப்பிவிடும். 1998-ல் அதை லிங்க்எக்ஸ்சேஞ்ச் வாங்கியது. அதே ஆண்டு லிங்க்எக்ஸ்சேஞ்சை மைக்ரோசாஃப்ட் சுமார் 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. இது வெட்டி வேலையைக் குறைத்த நல்ல நிரல். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

சிக்கல் என்னவென்றால், நல்லவருக்கு வேலை குறையும்போது மற்றவருக்கும் குறைகிறது. ஒரு தளத்தைப் பதிகிற நிரலால் ஆயிரம் போலிப் பக்கங்களையும் பதிய முடியும். அன்றைய முன்னணித் தேடுபொறியான ஆல்டாவிஸ்டாவின் 'முகவரி சேர்' படிவம் இப்படிக் குப்பையால் நிரம்பியது. 1997-ல் அங்கே ஆந்த்ரே ப்ரோடரும் அவர் குழுவும் ஒரு தடை போட்டார்கள். ஸ்கேனர் கையேட்டில் எழுத்தைக் கணினி சரியாகப் படிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று போட்டிருந்ததோ, அதற்கெல்லாம் நேர்மாறாகச் செய்து எழுத்துகளைக் கோணலாக்கினார்கள். மனிதர் படித்துவிடுவார், நிரல் தடுமாறும். அந்தப் படிவத்தில் வந்த குப்பைப் பதிவுகள் 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன என்று ப்ரோடர் சொல்லியிருக்கிறார். பின்னாளில் கேப்ட்சா என்று பெயர் பெற்ற முறையின் ஆரம்ப வடிவங்களில் இது ஒன்று. இன்று ரயில் டிக்கெட் எடுக்கும்போது நெளிந்த எழுத்தை உற்றுப் பார்க்கிறோமே, அந்த வழக்கத்தின் தொடக்கத்தில் தானியங்கிப் பதிவுக் கருவிகள் நிற்கின்றன.

பிறகு கூகுள் வந்தது. நீ உன்னைப் பற்றிச் சொல்வதைவிட, உன்னை யார் சுட்டுகிறார்கள் என்பது அதற்கு முக்கியம். இணைப்புகளைத் தொடர்ந்து போய்த் தானே தளங்களைக் கண்டுபிடித்தது. பதிவு செய்வது இரண்டாம்பட்சமானது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஓசூர் பட்டறையை யார் சுட்டுவார்கள்? தன் பாகங்களைச் செய்துதரும் வெண்டர் யார் என்று எந்தப் பெரிய ஆலையும் தன் தளத்தில் ஊருக்கெல்லாம் இணைப்புப் போட்டுச் சொல்லாது. முப்பது வருட நற்பெயர் முழுக்க பர்ச்சேஸ் பிரிவின் கோப்புகளுக்குள் இருக்கிறது. இணையத்தின் கண்ணுக்கு அந்தப் பட்டறை நேற்றுப் பிறந்த அனாதை. 500 தேடுபொறி வியாபாரம் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சுவரும் இருந்தது. யூனிகோடு பரவும்வரை ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். அந்தப் பக்கத்தை எத்தனை தேடுபொறிகளில் பதிந்தாலும் உள்ளே இருப்பது தமிழ் என்றே அவற்றுக்குத் தெரியாது. கதவைத் தட்டுவது ஒன்று, திறந்தபின் பேசுவது புரிவது வேறொன்று.

கடைசியில் கதவுகளே மூடப்பட்டன. மனிதர்கள் தொகுத்த யாஹூ பட்டியல் 2014 இறுதியிலும், தன்னார்வலர்கள் நடத்திய டிமாஸ் பட்டியல் 2017 மார்ச்சிலும் முடிவுக்கு வந்தன. யார் வேண்டுமானாலும் முகவரி கொடுக்கலாம் என்றிருந்த பொதுப் படிவத்தை 2018-ல் கூகுள் எடுத்துவிட்டது. 2023-ல், சைட்மேப் மாறியிருக்கிறது என்று அடையாளம் காட்டாமல் தகவல் அனுப்பும் வசதியையும் நிறுத்துவதாக அறிவித்தது. அப்படி வருவதில் பெரும்பகுதி குப்பை என்பதே காரணம்.

ஆக, எல்லா தானியக்கமும் தவறா? இல்லை. 2005-ல் கூகுள் கொண்டுவந்து, அடுத்த ஆண்டு யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்ட சைட்மேப்பும் தானியங்கிதான். 2021-ல் பிங்கும் யாண்டெக்ஸும் தொடங்கிய இண்டெக்ஸ்நவ்வும் அப்படியே. வித்தியாசம் இதுதான்: இவற்றில் தளம் என்னுடையது என்று நிரூபித்துவிட்டுப் பேசுகிறோம். என்னிடம் இன்னின்ன பக்கங்கள் இருக்கின்றன, இது மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறோம். கிட்டத்தட்ட அலிவெப் கேட்டதும் இதைத்தான். 500 தேடுபொறிக் கருவியோ முகம் காட்டாமல், யாரும் தேடப் போகாத பட்டியல்களில் உங்கள் பெயரை வீசிவிட்டுப் போகிறது. அந்தக் கூட்டத்தில் ஒழுங்கான பட்டறையும் போலிக் கம்பெனியும் ஒரே மாதிரித் தெரிகின்றன.

2019-ல் வாகனத் தொழில் சரிந்து, பெரிய ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தபோது, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த பட்டறைகளுக்குத் தேடிக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய அவசியம் புரிந்தது. கேட்கிறவர்களிடம் நான் சொல்வது எளிமையானது. முதலில் ஊர்ப் பெயரைச் சரிசெய்யுங்கள். கன்னடத்தில் ஓசூர் என்றால் புது ஊர், அந்தப் பெயரில் கர்நாடகத்திலேயே பல ஊர்கள் உண்டு. போதாததற்குப் பெங்களூருவின் ஓசூர் ரோடு வேறு. சிப்காட், கிருஷ்ணகிரி மாவட்டம், 04344 என்று முழுசாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். வரைபடத்தில் பட்டறையைக் குறியுங்கள். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்பதை எடுத்துவிட்டு எந்த மெஷின், எத்தனை மில்லிமீட்டர் வரை, என்ன உலோகம் என்று போடுங்கள். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் உங்கள் தள முகவரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சைட்மேப்பை நிரல் பார்த்துக்கொள்ளும், காசில்லை.

"இவ்வளவையும் நானே உக்காந்து எழுதணுமா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் அண்ணா, அந்த மெஷினைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும்.