ஓரான் பாமுக்கின் நாவலில் உஸ்மானிய நுண்ணோவியம்

துருக்கிய நாவலாசிரியர் ஓரான் பாமுக், 7 வயது முதல் 22 வயது வரை தாம் ஓர் ஓவியராகவே வாழப்போவதாக எண்ணியிருந்தவர். இஸ்தன்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயிலச் சேர்ந்து, அதனை இடையில் விட்டு எழுத வந்தார். 2003இல் வெளியான 'இஸ்தன்புல்' என்னும் அவரது நினைவு நூல், தாம் ஓவியராகப் போவதில்லை, எழுத்தாளராகப் போவதாகத் தாயிடம் அறிவிக்கும் இடத்தில்தான் முடிகிறது. எனினும் அவர் துறந்த கலை அவரை விட்டு விலகவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் தம் குறிப்பேடுகளில் மீண்டும் வண்ணம் தீட்டத் தொடங்கினார். அப்பக்கங்கள் நூலாகவும் வந்துள்ளன. ஆயினும், அவர் ஓவியத்துக்குச் செலுத்தவேண்டிய கடனைச் செலுத்திய இடம் அவரது நாவல்களே என்பது நம் எண்ணம்.

1990இல் வந்த 'கருப்புப் புத்தகம்' என்னும் நாவலிலேயே அதற்கான தடயம் உண்டு. இஸ்தன்புல்லின் கேளிக்கை விடுதி ஒன்றின் சுவரை அழகுபடுத்த இரு கலைஞர்கள் போட்டியிடுகின்றனர். ஒருவர் நகரத்தை வரைகிறார். மற்றவரோ எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடியை நிறுத்திவிடுகிறார். நம் வாசகர்கள் இக்கதையை உடனே அடையாளம் கண்டுகொள்வர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எடுத்தாண்ட உவமை இது. அங்கே ரோம் நாட்டார் வரைகின்றனர், சீனர் சுவரை மெருகேற்றுகின்றனர். மௌலானா ரூமி மஸ்னவியில் இதனையே கூறும்போது வரைபவர் சீனராகவும் மெருகேற்றுபவர் ரோமராகவும் மாறிவிடுகின்றனர். இருவருக்கும் மெருகேறிய சுவர் என்பது தூய்மையடைந்த உள்ளம். பாமுக் அவ்வுவமையை விடுதிச் சுவருக்கு இறக்கிக் கொண்டுவந்தது சிலருக்கு உறுத்தலாம். ஆனால் ஓவியத்தைப் பற்றிப் பேசுவது மனிதனின் பார்வையைப் பற்றிப் பேசுவதே என்னும் பாடத்தை அவர் இம்மரபிலிருந்துதான் கற்றார்.

அப்பாடம் முழு உருவம் பெற்றது 1998இல் வெளியான 'என் பெயர் சிவப்பு' நாவலில். ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் பலர் இதனைப் படித்துள்ளனர். கதை நிகழ்வது 1591ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், சுல்தான் மூன்றாம் முராதின் இஸ்தன்புல்லில். ஹிஜ்ரத்தின் ஆயிரமாம் ஆண்டு நெருங்குகிறது. அதனை முன்னிட்டு வெனிஸ் ஆட்சியாளருக்கு அனுப்புவதற்கென ஓர் இரகசிய நூல் தயாராகிறது. வெனிஸுக்குத் தூது சென்று அங்குள்ள உருவப்படங்களைக் கண்டு மயங்கித் திரும்பிய எனிஷ்தே என்னும் முதியவர் அதன் பொறுப்பாளர். முதலில் நூலுக்குப் பொன்முலாம் இடுபவர் கொல்லப்படுகிறார்; பின்னர் எனிஷ்தேயும் கொல்லப்படுகிறார். கொலையாளி அரசவை ஓவியர் மூவருள் ஒருவர்.

இவர்கள் அஞ்சுவதும் ஏங்குவதும் 'பரங்கியர்' பாணியைக் குறித்து. துருக்கியரின் 'ஃபிரெங்க்' என்னும் சொல்லும் நம்முடைய 'பரங்கி'யும் ஒரே வேரினவாதலால், இவ்விடத்தில் தமிழ் வாசகர்க்கு விளக்கம் தேவைப்படாது. பரங்கியர் ஓவியத்தில் அண்மையில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும், நிழல் விழும், முகம் குறிப்பிட்ட ஒருவரின் முகமாக இருக்கும். ஹெராத் மரபிலோ நிழல் இல்லை. தெருவில் நிற்பவனின் கண்ணுக்குத் தெரியும் உலகை அவ்வோவியர் வரைவதில்லை. மினாராவின் உச்சியினின்று நோக்குவது போல, அனைத்தும் தத்தம் தகுதிக்கேற்ப அமையுமாறு வரைகின்றனர். தொலைவில் நிற்கிறது என்பதற்காகப் பள்ளிவாசலை ஈயளவாகவும் அருகே நிற்கிறது என்பதற்காக நாயைப் பள்ளிவாசல் அளவாகவும் வரையலாமா என்பதே அவர்களது அச்சம். அவ்வச்சத்திற்கு அடியில் வேறொன்றும் உள்ளது. உருவங்களைச் செய்தோர் அவற்றிற்கு உயிரூட்டுமாறு மறுமையில் பணிக்கப்படுவர் என்னும் பொருள்பட வரும் நபிமொழியை அவர்கள் அறிவர். 'அல்-முஸவ்விர்', உருவமளிப்பவன், என்பது அல்லாஹ்வின் திருநாமம் என்பதையும் அறிவர். கண்ணால் கண்டதை நகலெடுக்காமல் நினைவில் பதிந்த பொருளையே கை வரைகிறது என்று கூறி, அவர்கள் தம் தொழிலுக்கு நியாயம் தேடிக்கொள்கின்றனர். முதுமையில் வரும் குருட்டைத் தண்டனையாகக் கருதாது பரிசாகக் கொள்ளும் விந்தையும் இதிலிருந்தே பிறக்கிறது.

இவ்வளவும் நாவலின் பொருள். ஓவியம் அதன் வடிவத்தையும் ஆக்கியிருப்பது இதனினும் நுட்பமானது. நாவலின் 59 அத்தியாயங்களிலும் யாரேனும் ஒருவர் 'நான்' என்று பேசுகிறார். முதலில் கிணற்றில் கிடக்கும் பிணம். பின்னர் நாய், நாணயம், மரணம், சிவப்பு நிறம், எந்தக் கதைக்காக வரையப்பட்டதென்றே அறியாத மரம். நுண்ணோவியங்களை ஊன்றிப் பார்த்தவர்கள் இவர்களை முன்பே சந்தித்திருப்பார்கள். அவ்வோவியங்களில் ஒரு பெண் தன் காதலனை நோக்கிக்கொண்டே, பக்கத்தைப் புரட்டும் நம்மையும் ஓரக்கண்ணால் பார்ப்பதுண்டு. நாவலின் நாயகி ஷெகூரே அப்படியே பேசுகிறாள். தன்னை வாசிக்கும் நம்மை அவள் நன்கறிவாள். கொலையாளிக்கோ இரு குரல்கள். கொலைகாரனாக ஒளிந்து பேசுவான். ஓவியனாகத் தன் புனைபெயரில் வெளிப்படையாகப் பேசுவான். இவ்விரு குரல்களையும் பொருத்தி ஆளைக் கண்டுபிடிக்க நாம் முயலும்போது, தலைமை ஓவியர் உஸ்தாத் உஸ்மான் குதிரையின் மூக்குத் துவாரத்தைக் கொண்டு வரைந்தவனைத் தேடும் அதே வேலையைத்தான் செய்கிறோம். தனிப்பாணி என்பது ஒரு குறை, தவறிப்போய் விழுந்த கையொப்பம் என்பது அவ்வோவியர்களின் கொள்கை. குற்றம் துலங்குவதும் அக்குறையால்தான்.

ஆனால் ஒவ்வொரு தனிமனிதனின் குரலையும் அவனவன் நிலையிலிருந்து கேட்கச் செய்யும் நாவல் என்னும் கலையே பரங்கியர் தந்தது அல்லவா? முகத்தை முகமாக வரைய விரும்பிய எனிஷ்தே நிற்கும் இடத்தில்தான் பாமுக்கும் நிற்கிறார். ஹெராத் மரபுக்கு அவர் பாடும் இரங்கற்பா, அம்மரபு ஏற்காத ஒரு கருவியால் பாடப்படுவது. நாவலின் உண்மையான துயரம் கொலைகளினும் இதிலேயே உள்ளது எனக் கருதுகிறோம்.

இந்த இரங்கற்பாவை வரலாறாக எடுத்துக்கொள்வோர் நம்மிடையே பெருகியிருப்பதால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். வெனிஸ் ஓவியர் ஜென்டிலே பெல்லினி, சுல்தான் இரண்டாம் முஹம்மதின் அழைப்பில் இஸ்தன்புல் வந்து அவரது உருவப்படம் வரைந்தது 1480இல். கதை நிகழும் ஆண்டுக்கு நூறாண்டுகளுக்கும் முன்பு. நாவலில் வெனிஸ் படமொன்றை நகலெடுக்க ஏவப்படுவதைச் சித்திரவதையாக உணரும் உஸ்தாத் உஸ்மான், வரலாற்றிலும் வாழ்ந்தவர். செய்யித் லுக்மான் எழுதிய, சுல்தான்களின் தோற்றத்தை விவரிக்கும் நூலுக்கு 1579இல் படங்கள் வரைந்தவர் அவர். அதற்கெனச் சுல்தான்களின் உருவப்படங்கள் பிரதம அமைச்சர் சோகொல்லு முஹம்மது பாஷாவின் வழியாக வெனிஸிலிருந்தே தருவிக்கப்பட்டன. உஸ்மான் அவற்றைப் பார்த்தார். வேண்டியதை எடுத்துக்கொண்டு தம் மரபின் தட்டையான, நிழலற்ற வெளியிலேயே சுல்தான்களை அமரவைத்தார். அதனால் அப்பட்டறை அழிந்துவிடவில்லை. ஒப்பமிடுவதே இழுக்கு என்னும் பேச்சும் முழு விதியன்று. கெய்ரோவில் உள்ள, 1488இல் எழுதப்பட்ட சஅதியின் 'பூஸ்தான்' பிரதியின் ஓவியங்களில் பிஹ்ஸாதின் பெயர் சிற்றெழுத்துகளில் உள்ளது.

நாவலில் உஸ்மான் அரண்மனைக் கருவூலத்தில் புரட்டிப் பார்க்கும் ஷாஹ்நாமாவும் உண்மையானதே. ஷா தஹ்மாஸ்ப் தயாரித்து, 1568இல் சுல்தான் இரண்டாம் ஸலீமுக்கு அனுப்பிய அப்பிரதியில் 258 ஓவியங்கள் இருந்தன. பிஹ்ஸாத் தம் கண்ணைக் குத்திக்கொண்ட ஊசி கருவூலத்தில் கிடைப்பது நாவலின் கற்பனை. அந்த நூலுக்கு நேர்ந்ததோ கற்பனையன்று. 1959இல் அதனை வாங்கிய அமெரிக்கச் செல்வர் ஆர்தர் ஹூட்டன் தாள்தாளாகப் பிரித்தார். பல தாள்கள் விற்பனையாயின. எஞ்சியவற்றை 1994இல் ஈரான் பெற்றுக்கொண்டது. அதற்கு ஈடாக அது கொடுத்தது, டி கூனிங் என்னும் நவீன ஓவியர் வரைந்த ஒரு பெண்ணின் படம். வியன்னா விமான நிலையத்தில் பரிமாற்றம் முடிந்தது. பாமுக் தம் நாவலைக் கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கிழக்கின் ஓவியமும் மேற்கின் ஓவியமும் இவ்வாறு கைமாறின. எந்த நாவலாசிரியரும் இதனை எழுதத் துணிந்திருக்கமாட்டார்.

நாவலின் இறுதியில் சுல்தான் முதலாம் அஹ்மது, இங்கிலாந்து அரசி அனுப்பிய கடிகாரத்தை உடைக்கிறார்; அத்துடன் ஓவியமும் மறக்கப்படுகிறது. ஆனால் அதே முதலாம் அஹ்மதுக்கென ஒரு பெரும் 'ஃபால்நாமா' ஓவிய நூல் தொகுக்கப்பட்டது. 1720இல் மூன்றாம் அஹ்மதின் மைந்தர்களுக்கு நடந்த கத்னா விழாவை லெவ்னி வரைந்தார். அவ்வோவியங்களில் நடப்போர், ஆடுவோர், வேடிக்கை பார்ப்போர் யாவரும் உயிரோடு இருக்கின்றனர். லெவ்னி மறைந்தது 1732இல். நாவலாசிரியரும் இதனை அறியாதவர் அல்லர். தம் தாயின் பெயரையே ஷெகூரேவுக்கு இட்டு, தம் பெயரையே அவளுடைய இளைய மகனுக்கும் இட்ட அவர், கடைசிப் பக்கத்தில் அத்தாயின் வாயாலேயே ஓர் எச்சரிக்கை விடுக்கிறார்: இக்கதையைத் தொகுத்த ஓரானை நம்பிவிட வேண்டாம், கதை சுவைக்க வேண்டுமென்றால் அவன் எந்தப் பொய்யையும் சொல்லுவான் என்று.