இறைநம்பிக்கை குற்றங்களைக் குறைக்கிறதா?

"ஈமான் உறுதியாக இருந்தால் சமுதாயத்தில் குற்றமே நடக்காது" என்று மேடைகளில் பேசுகிறோம். "கடவுளை அதிகம் நம்பும் நாடுகளில்தான் குற்றமும் அதிகம்" என்று நாத்திகர்கள் பதில் சொல்கிறார்கள். இரு தரப்பும் தமக்குச் சாதகமான ஒரு நாட்டை எடுத்துக் காட்டிவிட்டு விவாதத்தை முடித்துக்கொள்கின்றன. ஆனால் இது அறுபது ஆண்டுகளாகச் சமூகவியல் அறிஞர்கள் ஆராய்ந்துவரும் கேள்வி. அவர்கள் கண்டறிந்தவை நமக்குச் சில இடங்களில் மகிழ்ச்சியும் சில இடங்களில் சங்கடமும் தரக்கூடியவை. இரண்டையுமே நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாடுகளை ஒப்பிட முடியுமா?

குற்றத்தை அளப்பது எளிதல்ல. காவல் நிலையத்தில் பதிவானால்தான் அது கணக்கில் வரும். பாலியல் குற்றங்களைப் பல நாடுகளில் பெண்கள் அவமானத்துக்கு அஞ்சி வெளியில் சொல்வதே இல்லை. சுவீடனில் சட்டத்தின் வரையறை விரிவானது. ஒருவர் பலமுறை பாதிக்கப்பட்டால் ஒவ்வொன்றும் தனிக் குற்றமாகப் பதிவாகும். அதனால் அங்கே எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது. இதை அறியாமல், "மேற்கத்திய நாடுகளைப் பாருங்கள், முஸ்லிம் நாடுகளைப் பாருங்கள்" என்று பட்டியல் போடுவது நேர்மையான வாதம் ஆகாது.

ஓரளவு நம்பி ஒப்பிடக்கூடியது கொலைக் கணக்கு. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்குப்படி 2017ல் உலக அளவில் ஒரு லட்சம் பேருக்கு 6.1 பேர் கொலை செய்யப்பட்டனர். அதே ஆண்டில் உலகில் முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவில் இது 0.4 மட்டுமே. மகிழ்ச்சிதான். ஆனால், மதம் தம் வாழ்வில் முக்கியம் என்று சொல்வோர் மிகக் குறைவாக உள்ள ஜப்பானில் அது 0.2. கிறிஸ்தவ நம்பிக்கை ஆழமாக வேரூன்றிய எல் சால்வடாரிலோ 60ஐத் தாண்டியிருந்தது. 2015ல் 100ஐயே தாண்டியது. அங்கே உள்நாட்டுப் போர், ஆயுதப் புழக்கம், வறுமை, கும்பல் ஆதிக்கம் எல்லாம் சேர்ந்து வேலை செய்தன. ஆக, ஒரு நாட்டில் எத்தனை பேர் இறைவனை நம்புகிறார்கள் என்பதை மட்டும் வைத்து அங்கு நடக்கும் குற்றத்தைக் கணிக்க முடியாது.

ஃப்ரெடா ஆட்லர் என்ற அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் 1983ல் வெளியிட்ட நூலில், குற்றம் குறைவாக உள்ள பத்து நாடுகளை ஆராய்ந்தார். சவூதி அரேபியா, அல்ஜீரியா, அயர்லாந்து, நேபாளம், ஜப்பான், கம்யூனிச ஆட்சியில் இருந்த பல்கேரியா, கிழக்கு ஜெர்மனி எல்லாம் அதில் இருந்தன. மதத்திலும் ஆட்சியிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாடுகள். அவற்றிடையே அவர் கண்ட பொதுவான அம்சம், குடும்பமும் உறவும் ஊரும் மனிதனைப் பிடித்து வைத்திருந்த கட்டுக்கோப்பு. போலீஸுக்கும் நீதிமன்றத்துக்கும் முன்பே அது அவனைத் தடுத்து நிறுத்தியது.

கருத்தை மாற்றிக்கொண்ட ஆய்வாளர்

நாடுகளை விட்டுத் தனிமனிதர்களைப் பார்ப்போம். 1969ல் டிராவிஸ் ஹிர்ஷி, ரோட்னி ஸ்டார்க் ஆகிய இரு அறிஞர்கள் கலிபோர்னியா மாநிலப் பள்ளி மாணவர்களை ஆராய்ந்தனர். மாணவர்கள் தாமாகவே சொன்ன தவறுகளையும் காவல்துறைப் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தார்கள். தேவாலயத்துக்குப் போகும் பிள்ளைகளும் போகாத பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தவறு செய்திருந்தார்கள். மறுமை நம்பிக்கை இருந்தும் வித்தியாசம் தெரியவில்லை. மதவாதிகளுக்கு இது பேரதிர்ச்சியாக இருந்தது.

1974ல் வேறு இரு ஆய்வாளர்கள் இதை மீண்டும் சோதித்தபோது, மது, கஞ்சா போன்ற பழக்கங்களிலிருந்து மத ஈடுபாடு இளைஞர்களைத் தெளிவாகவே விலக்கி வைப்பதைக் கண்டார்கள். திருட்டும் அடிதடியும் தவறு என்று எல்லோருமே சொல்கிறார்கள். எனவே அங்கே மதத்தின் தனிப் பங்கு மறைந்துவிடுகிறது. சமூகம் கண்டுகொள்ளாமல் விடும் தீமைகளில்தான் அது பளிச்சென்று தெரிகிறது.

பிறகு ஆய்வு வேறு திசையில் திரும்பியது. 1969ல் "தொடர்பில்லை" என்று சொன்ன அதே ஸ்டார்க், 1982ல் வேறு இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் தம் முடிவைத் திருத்திக்கொண்டார். கலிபோர்னியா உள்ளிட்ட அமெரிக்க மேற்குக் கரைப் பகுதியில் தேவாலயத்துடன் தொடர்பு உள்ளவர்களே குறைவு. அங்கே ஒரு பையன் பக்தியுள்ளவனாக இருந்தாலும் அவன் நண்பர்கள் வட்டத்தில் அந்தப் பக்திக்கு மதிப்பில்லை. பெரும்பாலோர் மத ஈடுபாட்டுடன் வாழும் ஊர்களிலோ பக்தியுள்ள பிள்ளைகள் குறைவாகவே தவறு செய்தார்கள். அதாவது, நம்பிக்கை ஒருவருடைய மனதுக்குள் தனியாக இருந்தால் போதாது. அதைச் சுமந்து நிற்கும் ஒரு சமுதாயமும் வேண்டும். இதை "அறநெறிச் சமுதாயம்" என்றார் அவர்.

ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற பொருளாதார அறிஞர் பாஸ்டன், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா நகரங்களின் ஏழைப் பகுதிகளில் வாழும் கறுப்பின இளைஞர்களை ஆராய்ந்தார். வழிபாட்டுக்குத் தவறாமல் செல்பவர்கள் பள்ளியிலும் வேலையிலும் அதிக நேரம் செலவிட்டார்கள். தவறான செயல்களில் குறைவாக ஈடுபட்டார்கள். 2001ல் 60 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசிய இரு அறிஞர்கள், மத நம்பிக்கையும் நடைமுறையும் குற்றத்தை மிதமான அளவில் தடுக்கின்றன என்று முடிவு செய்தனர். "மிதமான" என்ற சொல்லைக் கவனியுங்கள். தடுக்கிறது என்பது உண்மை. முழுவதுமாகத் தடுத்துவிடுவதில்லை என்பதும் உண்மை.

அச்சமும் ஆதரவும்

2012ல் வெளியான இன்னோர் ஆய்வு 67 நாடுகளைச் சேர்ந்த 1,43,197 பேரின் கருத்துக்கணிப்பை எடுத்துக்கொண்டது. நரகத்தை நம்புவோர் அதிகமுள்ள நாடுகளில் குற்றம் குறைவாகவும், நரகத்தை நம்பாமல் சொர்க்கத்தை மட்டும் நம்புவோர் அதிகமுள்ள நாடுகளில் குற்றம் அதிகமாகவும் இருந்தது. இது ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் நமக்கு இது பழக்கப்பட்ட செய்திதான். அல்லாஹ்வின் தண்டனைக்கு அஞ்சுவதும் அவன் அருளில் ஆதரவு வைப்பதும் ஒரு பறவையின் இரு சிறகுகளைப் போன்றவை என்று நம் அறிஞர்கள் கூறியுள்ளனர். "அல்லாஹ் மன்னிப்பவன்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பிறர் உரிமையில் கை வைப்பவன் ஒரு சிறகால் பறக்கப் பார்க்கிறான்.

இஸ்லாம் வகுத்த வரிசை

இஸ்லாமியக் குற்றத் தடுப்பு என்றாலே பலரும் தண்டனைகளைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் மார்க்கத்தின் வரிசையில் தண்டனை கடைசியில்தான் வருகிறது. மதுவிலக்கைப் பாருங்கள். குர்ஆன் மதுவை ஒரே நாளில் தடுக்கவில்லை. 2:219, 4:43, 5:90 என மூன்று கட்டங்களில் மனங்களைப் பக்குவப்படுத்தியது. இறுதித் தடை அறிவிக்கப்பட்டபோது மதீனாவின் தெருக்களில் மது கொட்டப்பட்டதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அமெரிக்காவில் 1920ல் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கோ கள்ளச்சாராயத்தையும் கும்பல்களையும் வளர்த்து, 1933ல் கைவிடப்பட்டது. சட்டம் இரண்டு இடத்திலும் இருந்தது. அதை ஏற்கத் தயாரான சமுதாயம் ஓரிடத்தில் மட்டுமே இருந்தது.

அடுத்தது பொருளாதார நீதி. பசியைப் போக்க ஜகாத் கடமையாக்கப்பட்டது. கடும் பஞ்சம் வந்த ஆண்டில் திருட்டுக்கான தண்டனையை உமர் (ரலி) அவர்கள் நிறுத்தி வைத்தார்கள். சட்டத்தின் முன் சமத்துவமும் அப்படித்தான். மக்ஸூம் குலத்துப் பெண் திருடியபோது அவருக்காகப் பரிந்துரை வந்ததை நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. உயர்ந்தவரை விட்டுவிட்டு எளியவரைத் தண்டிக்கும் சமுதாயம் அழியும் என்று எச்சரித்தார்கள்.

சிறைகளில் நம்மவர்கள்

இங்கேதான் சங்கடமான கேள்வி வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் முஸ்லிம்கள் 14.2 சதவீதம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019 இறுதியில் தண்டனைக் கைதிகளில் 16.6 சதவீதமும் விசாரணைக் கைதிகளில் 18.7 சதவீதமும் முஸ்லிம்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் முஸ்லிம்களின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கான 6.5 சதவீதத்தைப் போல் இரு மடங்குக்கும் அதிகம்.

இதை வைத்து, "இஸ்லாம்தான் காரணம்" என்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. விசாரணைக் கைதி என்பவர் குற்றம் நிரூபிக்கப்படாதவர். இந்தியச் சிறைகளில் தலித் மக்களின் பங்கும் அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். அமெரிக்காவில் மத ஈடுபாடு மிகுந்தவர்களான கறுப்பின மக்களின் நிலையும் அதுதான். வறுமை, பாரபட்சம், ஜாமீன் எடுக்க வழியின்மை ஆகியவை இவர்கள் எல்லோருக்கும் பொதுவானவை. குற்றங்கள் பெரும்பாலும் இளம் வயதில் நடப்பவை. இங்கிலாந்து, வேல்ஸ் முஸ்லிம்களின் நடு வயது 27, மொத்த மக்களுடையது 40.

ஆனால் இந்தப் பதிலோடு நாம் எழுந்து போய்விட முடியாது. அநியாயமாகச் சிறையில் இருப்பவர்கள் பலர் என்பதால், உண்மையிலேயே தவறு செய்தவர்கள் யாருமில்லை என்று ஆகிவிடாது. போதைப்பொருள், வட்டி, வரதட்சணைக் கொடுமை, மோசடி முதலீடு போன்றவை நம் மஹல்லாக்களிலும் இருக்கின்றன. முஸ்லிம் பெயர் யாரையும் இவற்றிலிருந்து காப்பாற்றவில்லை.

நம்பிக்கையால் மனிதன் மாறுவதற்கும் சான்று உண்டு. 1946ல் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்ற மால்கம் எக்ஸ், உள்ளே நூல்களையும் மத ஈடுபாட்டையும் கண்டடைந்து 1952ல் வேறு மனிதராக வெளியே வந்தார். பிறகு 1964ல் ஹஜ் செய்து, இனவெறுப்பையும் உதறினார். சிறையில் இருந்தபோது அவரைத் தேடிக் கடிதம் எழுதவும், வெளியே வந்தபின் ஏற்றுக்கொள்ளவும் ஆட்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஆய்வுகளும் மார்க்கமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஈமான் குற்றத்தைத் தடுக்கும். அது நடைமுறையில் இருந்தால், அதைத் தாங்க ஒரு ஜமாஅத் இருந்தால், பசியும் அநீதியும் அதற்கு எதிராக வேலை செய்யாமல் இருந்தால். தொழுகைக்கும் தீமையிலிருந்து விலகுவதற்கும் உள்ள தொடர்பைக் குர்ஆன் 29:45 வசனம் எடுத்துச் சொல்கிறது. ஜும்ஆவுக்கு மட்டும் வந்து போகும் இளைஞனின் பெயராவது நம் ஜமாஅத்தாருக்குத் தெரியுமா? படிப்பை நிறுத்தியவனை விசாரிக்க ஆள் இருக்கிறதா? வழக்கு நடத்த வசதியில்லாத விசாரணைக் கைதியின் குடும்பத்துக்கு நம் பைத்துல்மால் உதவுகிறதா? சிறையிலிருந்து திரும்பியவனுக்கு வேலை கொடுக்க நம் வணிகர்கள் முன்வருகிறார்களா?

"இஸ்லாம் குற்றங்களைக் குறைக்கும்" என்று மற்றவர்களிடம் சொல்லும் முன், நம் மஹல்லாவில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் அதற்குத் துணை நிற்பானாக.