அப்பாவின் பூனைக் கத்தி

எங்கள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். சைகோனிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பியபோது ஒரு தகரப்பெட்டியும், அதற்குள் ஒரு கறுப்பு மடக்குக் கத்தியும் கொண்டுவந்தார். கைப்பிடியில் பாயும் பூனை. அதனருகே கே 55 கே என்ற எழுத்துகள். அலகின் அடியில் சோலிங்கன் என்று பொறித்திருக்கும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான் அதை ‘சொலேன்ழென்’ என்று வாசித்து, கத்தியைக் கொடுத்த ஆளின் பெயர் என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன்.

“யாருப்பா குடுத்தது?” என்று கேட்டால், “ஒரு அல்மான். அவனுக்குத் திரும்பிப் போக வீடு இல்லடா” என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர் பலர் பிரான்சின் அந்நியர் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் போரிட்டார்கள். நம் ஊர் சொல்தாக்களும் அங்கே இருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த கத்தி இது.

சோலிங்கன் ஒரு ஊர். ரைன் நதிப் பக்கத்தில், வுப்பர் என்ற சிற்றாற்றை ஒட்டி இருக்கிறது. இடைக்காலத்திலிருந்தே வாளுக்கும் கத்திக்கும் பேர் பெற்றது. ஆற்று நீரால் சக்கரம் சுழற்றிச் சாணைக்கல்லை ஓட்டினார்கள். அடிப்பவர் ஒருவர், பதம் ஏற்றுபவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். பலர் வீட்டிலேயே வேலை செய்ததால், ஒரு பட்டறையிலிருந்து அடுத்ததற்குக் கத்திகளைக் கூடையில் வைத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோனவர்கள் பெண்கள். நம் ஊர் மீன்காரப் பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். சாணைத் தூசியால் நுரையீரல் கெட்டு இளவயதிலேயே இறந்த தொழிலாளர்களும் அங்கே உண்டு.

தொழிலாளர் சங்கங்கள் முத்திரையைக் கண்ணாகக் காத்தன. இன்றும் விற்கும் ‘இரட்டையர்’ முத்திரை 1731இல் பதிவானது. நெப்போலியன் காலத்தில் அந்தப் பகுதி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபோது, 1809இல் சங்கங்களின் சலுகைகள் ஒழிந்தன. அதன் பின் மலிவுச் சரக்கும் பெருகியது. ஜெர்மன் கத்திகள் ஷெஃபீல்டு பெயரில் விற்கப்படுகின்றன என்று ஆங்கிலேயர் புகார் சொல்லி, 1887இல் சட்டம் போட்டு, அந்நியச் சரக்கில் பிறந்த நாட்டை எழுத வைத்தார்கள். ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற சொல் இப்படி வசவாகத் தொடங்கி, சரக்கு தரமானபின் பெருமையாயிற்று. 1938இல் ஜெர்மனியும் ஒரு சட்டம் செய்தது: முக்கிய வேலையெல்லாம் அந்த வட்டாரத்தில் நடந்தால்தான் சோலிங்கன் பெயரைப் பொறிக்கலாம்.

எங்கள் கத்தி மெர்க்காட்டர் வகை. 1856இல் தொடங்கிய காவுஃப்மன் குடும்பத்தின் பட்டறையில் செய்தது. அந்தத் தொழிற்சாலைக்கு ‘இந்தியாவெர்க்’, அதாவது இந்தியா ஆலை என்று பெயர் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பு. முதல் கே முதலாளியின் பெயர், 55 கதவு எண், கடைசிக் கே ‘கட்ஸெ’, அதாவது பூனை என்பார்கள். ஒரே இரும்புத் தகட்டை மடித்துச் செய்த கைப்பிடி. அலகு திறந்ததும் பூட்டிக்கொள்ளும். முதுகில் உள்ள நெம்புகோலை அழுத்தினால்தான் மடங்கும். சட்டைப்பையில் கனக்காது. ஜெர்மன் சிப்பாய்கள் விரும்பி வைத்திருந்தார்கள். துருப்பிடிக்கும் எஃகு, எலுமிச்சை அறுத்தால் கறுத்துவிடும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார். 1990களில் காவுஃப்மன் தொழில் நின்றபின், அதே ஊர் ஓட்டர் நிறுவனம் இந்தக் கத்தியைச் செய்துவருகிறது.

அப்பா படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் கத்தியைக் கேட்டு வாங்கினார். எழுத்தைத் தடவியபடி, “இது அவன் ஊருடா” என்றார். அது ஆள் பெயரல்ல என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஓய்வுபெற்றபின் அந்த ஊரைப் பற்றி ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் படித்தேன். 1944 நவம்பர் 4, 5 தேதிகளில் ஆங்கிலேய விமானங்கள் குண்டு வீசி அதன் பழைய நகரைத் தரைமட்டமாக்கின. திரும்பிப் போக வீடு இல்லை என்று அப்பா சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. கேட்டுச் சொல்ல அப்பா இல்லை.

பிரான்சிலிருந்து பேரன் வந்தபோது கத்தியைக் கேட்டான். கொடுத்தேன். பெட்டியில் வைக்குமுன் ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.